கூண்டு ஏறாத ஊரிலிருந்து ஒரு மடல்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், அவர் தலைமையில் இயங்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தாருக்கும்,

வணக்கம்.

நான் சோழவந்தான் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஆள். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வாழை, கண்மாய்ப் பாசனத்தில் நெல். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு விஷயத்தை உங்களிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். புயலுக்கு ஆயத்தமாகும் மாவட்டங்களின் வரிசையில் மதுரையையும் சேருங்கள்.

வங்கக் கடலில் புயல் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எண் போட்ட எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். தூத்துக்குடியில், நாகையில் ஏற்றுவார்கள். எண் மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று மீனவர் ஊர்களில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். படகை எங்கே ஏற்றிக் கட்டுவது, யாரை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பது, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. அதே செய்தியை நாங்களும் டிவியில் பார்க்கிறோம். பார்த்துவிட்டு, நாளைக்கு லீவு விடுவார்களா என்று பிள்ளைகள் கேட்கும், அதோடு சரி. கடல் நமக்கு வெகுதூரம் என்ற நம்பிக்கை எங்கள் எல்லாருக்கும் ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கை தப்பு என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. புயல் கரையைக் கடந்ததும் பாதிப் பேர் டிவியை அணைத்துவிடுவார்கள். கஜாவோ அன்று பகலெல்லாம் நடந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. வலுக் குறைந்து திண்டுக்கல் பக்கமாக நகர்ந்தது. கொடைக்கானல் மலையில் மண்சரிவு, மரச்சாய்வு, உயிர்ச்சேதம். அப்புறம் கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது. நம் மாவட்டத்துக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் போன புயல் அது. கொஞ்சம் தெற்கே தள்ளி வந்திருந்தால் மேலூரும் அலங்காநல்லூரும் வாடிப்பட்டியும் அதன் பாதையில் இருந்திருக்கும்.

என் அக்காவைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது, கடல் காற்றின் வாசம்கூட வராது. புயல் முடிந்ததும் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு போனோம். தோப்பில் மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. வேரோடு பெயர்ந்த இடத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குழி. ஆனால் வீட்டில் யாருக்கும் கீறல்கூட இல்லை. மல்லிப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒருவர், முந்தின நாளே வந்து, “இது வேற மாதிரி காத்து, ஓட்டு வீட்டுல யாரும் படுக்காதீக” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு பேச்சை நம்பி, மச்சான் அண்டா குண்டா அத்தனையிலும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார். மாடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட்டிருக்கிறார். பட்டா, ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போட்டிருக்கிறார். தெருவில் இருந்த ஓட்டு வீட்டுக்காரர்கள், கூரை வீட்டுக்காரர்கள் எல்லாரும் தளம் போட்ட ஒரே மெத்தை வீட்டில் ராத்திரியைக் கழித்திருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு அப்படி வந்து சொல்ல யாரும் இல்லை. புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது காற்று நின்றுபோகும், முடிந்தது என்று வெளியே வந்தால் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும் என்பது எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த அனுபவ அறிவு கடற்கரையோடு நின்றுவிடுகிறது. அதை இந்தப் பக்கம் கொண்டுவர ஆள் வேண்டும். அந்த ஆள் அரசாங்கமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கஜா மட்டும்தான் இப்படி உள்ளே வந்தது என்று நினைக்க வேண்டாம். 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரை கடந்த புயலும் உள் மாவட்டங்கள் வழியாகவே மறு கடலுக்குப் போனது. அதே 1977இல், அப்போது நம் மதுரை மாவட்டத்தில் இருந்த வேடசந்தூர்ப் பக்கம் குடகனாறு அணை வெள்ளத்தில் உடைந்தது. கட்டி முடித்த வருஷமே உடைந்த அணை அது. வெள்ளம் வந்தபோது ஷட்டரைத் தூக்கப் போனவர்களால் பாதிதான் தூக்க முடிந்தது, ஏனென்றால் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், உதவவில்லை. கையால் சுற்றிப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேல் ஏறிவிட்டது. இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தத்தைவிடப் பதற்றம்தான் வருகிறது. ஆட்கள் ராத்திரியில் நின்று போராடியிருக்கிறார்கள். தயாராக இல்லாமல் போனது கரண்ட் போனால் என்ன செய்வது என்ற ஏற்பாடு மட்டும்தான்.

இந்திய வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டமாக வருகிறது. முதலாவது 72 மணி நேரத்துக்கு முன்னால், இரண்டாவது 48 மணி நேரத்துக்கு முன்னால், மூன்றாவது 24 மணி நேரத்துக்கு முன்னால். இந்த மூன்றும் கடலோரத்துக்கானவை. நான்காவது, புயல் கரை கடப்பதற்கு 12 மணி நேரத்துக்கு முன்பாவது வர வேண்டியது. கரை கடந்த பிறகு புயல் எந்தப் பக்கம் போகும், உள் மாவட்டங்களில் காற்றும் மழையும் எப்படி இருக்கும் என்று சொல்வதற்காகவே அந்தக் கட்டம் இருக்கிறது. அதாவது எங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது அறிக்கையாகவே நின்றுவிடுகிறது. எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்கு அது வந்து சேர்ந்து நான் கேட்டதில்லை. அந்த 12 மணி நேரம் எங்கள் கைக்கு வந்தால் என்னென்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

வாழைக்கு முட்டுக் கொடுக்கலாம். முற்றிய தாரை வெட்டிவிடலாம். தென்னையில் காய்ந்த மட்டையைக் கழித்து, முற்றிய குலையையும் இளநீரையும் இறக்கித் தலைப் பாரத்தைக் குறைக்கலாம். இந்த நேரத்தில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது, மண் இளகினால் மரம் சீக்கிரம் பெயர்ந்துவிடும். தோட்டக்கலைத் துறை இதையெல்லாம் டெல்டாவில் துண்டறிக்கை போட்டுச் சொல்கிறது. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். அங்கே வெற்றிலைக் கொடி அகத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அகத்தி மெல்லிய மரம். அது சாய்ந்தால் கொடிக்கால் மொத்தமும் போச்சு. காற்றுக்கு முன்னால் அகத்தியின் தலையைக் கழிக்க ஓர் ஆளுக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாளைத்தான் கேட்கிறோம்.

சரி, காற்றை விடுவோம். மதுரைக்குப் புயல் பெரும்பாலும் தண்ணீராகத்தான் வருகிறது.

வைகை அணைக்கு நம்மிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நீர்மட்டம் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் இந்த எண்கள் மனப்பாடம். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூட, “அறுபத்தெட்டரை ஆயிருச்சாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஆற்றுக்குள் மேயும் ஆட்டை ஓட்டி வருவார். எண் மூன்றுதான், ஆனால் கேட்டவுடன் கால் நகர்கிறது. அந்த ஏற்பாட்டின் அருமை அதுதான்.

ஆனால் அணைக்குக் கீழே பெய்யும் மழைக்கு இந்த எண்கள் உதவாது. சிறுமலையிலும் அழகர்மலையிலும் நாகமலையிலும் கொட்டுகிற மழை வைகை அணையைத் தொடுவதே இல்லை. ஓடைகள், சாத்தையாறு, கண்மாய்கள் வழியாக நேரே நம் ஊர்களுக்கு வருகிறது. 2024 அக்டோபர் 25ஆம் தேதியை மதுரை நகரம் மறக்காது. அன்று அதிகாலையில் டானா புயல் ஒடிசாவில் கரை கடந்ததால் எல்லாருடைய பார்வையும் அங்கே இருந்தது. பிற்பகலில் இங்கே மழை பிடித்தது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. அதற்குப் பிறகுதான் செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு நேராகப் போக சிமெண்டுக் கால்வாய் வேலை எடுக்கப்பட்டது. நல்ல வேலை, பாராட்டுகிறேன். அதே கவனம் கிருதுமால் நதிக்கும் வேண்டும். நதி என்ற பெயரோடு சாக்கடையைச் சுமந்துகொண்டு நகருக்குள் ஓடும் அது, ஒரு பெருமழையில் தன் பழைய அகலத்தைத் தேடினால் தெற்கு மதுரை தாங்காது.

பெயர் வைத்த புயலுக்குத்தான் பயப்பட வேண்டும் என்ற எண்ணமும் போக வேண்டும். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயர். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்குப் பெயரே கிடையாது. வெறும் வளிமண்டலச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. 2020இல் பெயரோடு வந்த புரெவி, மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. ஆகவே பெயரைப் பார்த்து ஆயத்தத்தை முடிவு செய்ய முடியாது.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். கண்மாய்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், முன்பு மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியாக இருந்தவர். அடைமழைக் காலத்தில் ராத்திரி டார்ச் லைட்டும் கம்புமாகக் கரையின் வெளிப்பக்கம் இறங்கி நடப்பார். எலி வளை, நண்டு வளை எங்கே இருக்கிறது என்று காலாலேயே தடவிக்கொண்டு போவார். கரையடியில் ஈரம் கண்டால் குனிந்து உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிந்த தண்ணீராக இருந்தால், “பார்த்துக்கிட்டே இருங்க, இன்னும் நேரம் இருக்கு” என்பார். கலங்கல் கண்டால் உடனே ஆளைக் கூப்பிடுவார். கலங்கல் வந்தால் கரைக்குள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். உள்பக்கம் தண்ணீரில் சின்னதாகச் சுழி தெரிகிற இடத்தைக் கண்டுபிடித்து, வைக்கோல் பிரியும் மண் மூட்டையும் போட்டு அடைக்க வேண்டும். விடியும் வரை காத்திருந்தால் கரை இருக்காது. கண்மாய் சொல்லாமல் உடைவதில்லை. அது சொல்வதைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவருக்கு வயதாகிவிட்டது. அவரிடம் கற்றுக்கொள்ள எங்கள் ஊரில் இளவட்டங்கள் தயார், ஆனால் அதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர்கள், கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது மீன் போய்விடக் கூடாது என்று, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கில் வலை கட்டுவார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்லவில்லை. ஆனால் புயல் மழையில் ஆகாயத்தாமரையும் கருவேல முள்ளும் வந்து அந்த வலையில் அடைத்துக்கொண்டால் கலுங்கு கலுங்காக இருக்காது. தண்ணீர் கரை மேல் ஏறும், மண் கரை அறுத்துக்கொண்டு போகும். மழை எச்சரிக்கை வந்ததும் வலையை அவிழ்க்க வேண்டும் என்று ஏல நிபந்தனையிலேயே ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியால் எத்தனையோ ஊர் தப்பும்.

நம் பக்கம் கண்மாய்கள் தொடர் கண்மாய்கள். மேல் கண்மாயின் மறுகால் தண்ணீர்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பவற்றுக்கு இரட்டைச் சுமை. ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், நகருக்குள் வந்துவிட்டால் மாநகராட்சி. ஒரே தொடரில் மூன்று கண்மாய்க்கு வேறு வேறு பொறுப்பாளர்கள். தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரியில் கரை கசிகிறது என்று ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தோம். இது எங்கள் கண்மாய் இல்லை என்றார்கள். அடுத்த அலுவலகத்திலும் அதே பதில். ஊர்க்காரர்களே மூட்டை சுமந்து அடைத்தோம். ஆகவே துறை எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு கண்மாய்த் தொடருக்கும் ராத்திரியில் போன் எடுக்கிற ஒரே ஓர் ஆளை நியமியுங்கள். அவர் எண்ணை மடைக்குப் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதுங்கள்.

பெயிண்டு வாங்குகிறபோதே மடைத்தூணில் மூன்று கோடும் போட்டுவிடுங்கள். வைகை அணைக்கு மூன்று எண் இருப்பதைப் போல ஒவ்வொரு கண்மாய்க்கும் மூன்று கோடு. முதல் கோட்டைத் தொட்டால் கரையில் காவல். இரண்டாவதில் கீழூருக்குத் தகவல். மூன்றாவதில் தாழ்வான தெருக்காரர்கள் எழுந்து மேட்டுக்குப் போக வேண்டும். எந்த உயரத்தில் கோடு போட வேண்டும் என்பதை உங்கள் பொறியாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து நின்று முடிவு செய்யட்டும். மண்ணும் காலிச் சாக்கும் புரட்டாசிக்குள் கரையில் வந்து கிடக்க வேண்டும். மழை பிடித்த பிறகு கரிசல் பாதையில் டிராக்டர் போகாது.

கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் மக்கள் பட்ட பெரிய அவதி குடிதண்ணீர். ஊரெங்கும் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டி காலி. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தொட்டியை நிரப்பினார்கள். நம் மாவட்டத்தில் ஜெனரேட்டருக்குப் பஞ்சமில்லை. திருவிழாவுக்கு மைக் செட், சீரியல் செட் போடுகிறவர்கள், கல்யாண மண்டபக்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கிறது. பொக்லைன், மரம் அறுக்கும் இயந்திரம், தென்னை ஏறத் தெரிந்த ஆட்கள், எல்லாம் இருக்கிறது. ஒன்றியம் ஒன்றியமாக ஒரு பட்டியலும், அவசரத்துக்கு எடுத்தால் என்ன வாடகை, யார் கொடுப்பது என்ற பேச்சும்தான் இல்லை. அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையை முதலில் கடலோரத்துக்குத்தான் அனுப்புவார்கள். அது நியாயம். முதல் நாள் முழுக்க நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

நகரத்துக்கு இன்னும் சில. மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகளின் மண் சுவர்கள் நனைந்தால் நிற்காது. அவற்றை இப்போதே பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மொட்டை மாடித் தகரக் கொட்டகைகளும் பிளக்ஸ் போர்டுகளும் காற்றில் கிளம்பினால் கத்திதான்.

கடைசியாக ஒரு யோசனை. ஆவணி மூலத்தில் புட்டுத் திருவிழா நடக்கும் ஊர் இது. வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை போட்டான், ஆளில்லாத வந்திக் கிழவிக்காக சொக்கநாதரே மண் சுமந்து பிரம்படி பட்டார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கதையில் என்னை எப்போதும் நிற்க வைப்பது வந்திதான். ஆணை எல்லாருக்கும் போனது, அனுப்ப ஆளில்லாதவள் ஒருத்தி இருக்கிறாள் என்று ஆணை போட்டவருக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு தெருவிலும் வந்திகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள். டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர்கள். நாள் நெருங்கிய கர்ப்பிணிகள். கண் தெரியாதவர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் இவர்கள் வீட்டுக்கதவை யார் தட்டுவது என்று பெயர் பெயராக எழுதி வைத்திருக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் கிராம சுகாதாரச் செவிலியர்களிடமும் பாதி விவரம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே புட்டுத் திருவிழா முடிந்த அடுத்த வாரத்தை, மாவட்டம் முழுவதும் கரை பார்க்கும் வாரமாக அறிவியுங்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வரட்டும். கரையை நடந்து பார்க்கட்டும், வளை அடைக்கட்டும், கலுங்கைச் சுத்தம் செய்யட்டும், தெருவில் இருக்கும் வந்திகளின் பட்டியலை எழுதட்டும். ஐப்பசிக்கு ஒரு மாதம் முன்னால் என்பதால் குறை கண்டால் சரிசெய்ய நேரமும் இருக்கும். சுவாமி மண் சுமந்த ஊரில், கூப்பிட்டால் ஆள் வரும்.

எங்கள் ஊரில் நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். கண்மாயின் மடை எத்தனை, கசிவு எந்த இடத்தில், கீழே எந்தெந்த ஊர், டிராக்டரும் ஜெனரேட்டரும் யாரிடம் இருக்கிறது என்று எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு பொறியாளரையும் ஒரு வருவாய் ஆய்வாளரையும் அக்டோபர் 2 கிராம சபைக்கு அனுப்பி வையுங்கள். எங்கள் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்லட்டும். முடியாதது எது என்றாலும் அதையும் அங்கேயே சொல்லிவிடட்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
சோழவந்தான் பக்கத்து விவசாயி